குழம்பப் பாத்து ஒயின் எடுங்க

மொதல்ல ஒரு டீ போடுங்க. பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், ரெண்டு டீ பேக்க ஒரே கப்புல போட்டு ஒரு பத்து நிமிஷம் அப்படியே விட்ருங்க, நல்லா கருகருன்னு இறங்கி ஆறட்டும். இப்ப ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. நாக்கு ஒட்டும், பல்லு மேல ஏதோ பூசுன மாதிரி இருக்கும், ஈறு வறண்டு போகும். வாழைப்பூவ பச்சையா கடிச்சா வருமே, அதே துவர்ப்பு. அடுத்து மாங்கா ஊறுகாய், நான் இருக்குற இந்த தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஆச்சார்னு சொல்றாங்களே, அதுல நல்ல காரமான துண்டு ஒண்ண மென்னு முழுங்கிட்டு திரும்ப அந்த டீய ஒரு வாய் குடிங்க. காரமும் ஏறும், துவர்ப்பு கசப்பாவே மாறிடும். கடைசியா அதே டீல ரெண்டு ஸ்பூன் பால் ஊத்திக் குடிங்க, துவர்ப்பு பாதிக்கு மேல அடங்கிருக்கும்.

ஒயினுக்கும் நம்ம சாப்பாட்டுக்கும் உள்ள சங்கதில பாதி இந்த ஒரு கப்புலயே இருக்கு. சிவப்பு ஒயின்ல இருக்குற டேனின்கிற பொருளோட துவர்ப்பும் இந்த டீயோட துவர்ப்பும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். அது நம்ம எச்சில்ல இருக்குற புரதத்தப் பிடிச்சுக்குது, வழவழப்பு போயிடுது, அதான் வாய் வறண்டு போன மாதிரி இருக்கு. பால் ஊத்துனா அந்த டேனின் பால்ல உள்ள புரதத்த பிடிச்சுக்கிட்டு நம்ம வாய விட்ருது. காரத்தோட சேந்தா என்ன ஆகுதுன்னு இப்ப நீங்களே பாத்துட்டீங்க.

நான் கம்பம் பக்கத்துக்காரி. கல்யாணம் ஆகி டர்பன் வந்து 11 வருஷம் ஆச்சு, சாட்ஸ்வொர்த்துல இருக்கோம். நம்ம ஊர்ல ஒயின்ஷாப்னு போர்டு போட்டிருந்தா உள்ள ஒயின தவிர மத்த எல்லாம் இருக்கும், பொம்பளைங்க அந்த ரோட்டுப் பக்கமே போக மாட்டோம். இங்க வந்தா சூப்பர்மார்க்கெட்ல பிரெட் வாங்குற வரிசைக்கு அடுத்த வரிசையில ஒயின் அடுக்கி வச்சிருக்காங்க, பீர் பிராந்தி எல்லாம் தனி கடைல, ஒயின் மட்டும் மளிகையோட மளிகையா நிக்குது. ஆனா 60 ரேண்ட்ல இருந்து 600 ரேண்ட் வரைக்கும் (ரேண்ட்ங்கறது இந்த நாட்டுப் பணம்) பாட்டில் நிக்கிறப்ப எத எடுக்குறதுன்னு யாரும் சொல்லித்தர்றதில்ல. ஊர்ல இருந்து புதுசா வர்ற ஐடி பிள்ளைங்க, டீச்சர் வேலைக்கு வந்தவங்க நெறைய பேரு என்கிட்ட இதக் கேக்குறாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சத ஒரே இடத்துல எழுதி வச்சிர்றேன்.

ஒரு தடவை எங்க வீட்டுக்காரருக்கு பொறந்தநாள். நான் மட்டன் கறி வச்சேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லிக் குடுத்த டர்பன் பக்குவம். எண்ணெய்ல பட்டை, சோம்பு, வெங்காயம், கருவேப்பிலை எல்லாம் வதங்குனதும் சிவப்பு மசாலாப் பொடிய கரண்டி கரண்டியா போட்டு, மேல செக்கச்செவேல்னு எண்ணெய் மிதக்க மிதக்க, பெரிய பெரிய உருளைக்கெழங்கு போட்டு வைப்பாங்க. ஒரு கடைல போயி மட்டனுக்கு எந்த ஒயின்னு கேட்டேன், மட்டன்னா சிவப்புதான்னு 300 ரேண்டுக்கு ஒரு கேபர்நே சாவிஞான் எடுத்துக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்து தொறந்து மொத வாய் குடிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு, கறிய ஒரு வாய் சாப்ட்டு அடுத்த வாய் குடிச்சா வாயெல்லாம் எரிச்சல், ஒயின் கஷாயம் மாதிரி கசக்குது, கறியோட ருசியும் போச்சு. அவ்வளவு காசு குடுத்துட்டோமேன்னு எனக்கு மனசு கேக்கவே இல்ல. அடுத்த வாரம் அதே கறிய ஆன்ட்டி வீட்ல சாப்ட்டோம், அவங்க ஃபிரிட்ஜ்ல இருந்து 70 ரேண்ட் செமி ஸ்வீட் ரோஸே, அதான் ரோஸ் கலர் ஒயின், ஒண்ண எடுத்து ஊத்துனாங்க, ஜில்லுன்னு, லேசா இனிப்பா. ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின், காரம் அப்படியே தணிஞ்சு மசாலா வாசனை மட்டும் நாக்குல நிக்குது. எனக்கு அன்னைக்குத்தான் விஷயம் பிடிபட்டுச்சு.

கறிக்கு சிவப்பு, மீனுக்கு வெள்ளைன்னு சொன்னது ஐரோப்பாக்காரங்க. அவங்க உப்பும் மிளகும் தடவி கறிய சுட்டு எடுக்குறாங்க, அங்க கறியோட ருசிதான் மேல நிக்குது. நம்ம குழம்புல ஆட்டுக்கறியா கோழியா பீன்ஸாங்கிறது ரெண்டாவதுதான், மொதல்ல வாய்க்கு வர்றது காரமும் புளியும் எண்ணெயும். அதனால நான் எப்பவும் சொல்றது, சட்டியில என்ன கறி இருக்குன்னு பாக்காதீங்க, என்ன குழம்புன்னு பாருங்க.

அதுக்கு முன்னாடி ஒயின எப்படி ருசி பாக்குறதுன்னு சொல்லிர்றேன், இதுக்கு எந்தப் படிப்பும் வேண்டாம், ரசத்துல உப்பு புளி சரியா இருக்கான்னு உள்ளங்கைல ரெண்டு சொட்டு விட்டுப் பாக்குற நாக்கு போதும். கிளாஸ்ல கால்வாசி ஊத்துங்க, லேசா ஒரு சுத்து சுத்தி மூக்க உள்ள விட்டு மோந்து பாருங்க. சுத்துறது எதுக்குன்னா வாசனை மேல வர்றதுக்கு, தாளிச்சு மூடி வச்ச சட்டியத் தொறக்குற மாதிரி. ஈர அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடிச்ச துணி மாதிரி வாசம் வந்தா அந்த பாட்டில் கெட்டுப்போச்சு, தக்கை மூடி போட்ட பாட்டில்ல சில சமயம் அப்படி ஆகும், கம்மி விலை பாட்டில் முக்காவாசி திருகு மூடிங்கறதால நமக்கு அந்தக் கவலை கொறச்சல். அப்புறம் ஒரு வாய் எடுத்து உடனே முழுங்காம வாய்க்குள்ள ஒரு சுத்து விடுங்க. முழுங்குனதுக்கு அப்புறம் நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் எச்சில் ஊறுதா, புளியங்காய நெனச்சாலே ஊறுமே அது மாதிரி? அது புளிப்பு. ஈறு வறண்டு போகுதா? அது டேனின். தொண்டையில சூடு எறங்குதா? அது ஆல்கஹால். இனிப்புல மட்டும் நெறைய பேரு ஏமாந்து போறாங்க, ஏன்னா பழ வாசனை வந்தா இனிக்குதுன்னு மனசு நெனச்சுக்கும். மூக்கப் பொத்திக்கிட்டு ஒரு வாய் குடிங்க, அப்பவும் இனிச்சா நெஜமாவே சர்க்கரை இருக்கு.

லேபிள்ல பாக்க வேண்டியது கொஞ்சம்தான். ட்ரைன்னு போட்டிருந்தா சர்க்கரை ரொம்பக் கம்மி, நாக்குக்கு இனிப்பே தெரியாது. செமி ஸ்வீட்னா நல்லா தெரியும், லேட் ஹார்வெஸ்ட், நேச்சுரல் ஸ்வீட்னா அதுக்கும் மேல. ஆல்கஹால் எவ்வளவு சதவீதம்னு கண்டிப்பா போட்டிருக்கும், காரச் சாப்பாட்டுக்குன்னா 14 போட்டத வச்சிட்டு 12, 12.5 போட்டத எடுங்க. ஏன்னா மிளகாயோட காரமும் ஆல்கஹாலோட சூடும் வாயில ஒரே சூட்டு நரம்பத்தான் தட்டி எழுப்புது, ரெண்டும் சேந்தா எரியிற அடுப்புல எண்ணெய் ஊத்துன கததான். சர்க்கரையும் ஜில்லுப்பும் அந்த எரிச்சல அடக்குது. அந்த 300 ரேண்ட் பாட்டில் ஏன் தோத்துச்சு, 70 ரேண்ட் பாட்டில் ஏன் ஜெயிச்சுதுன்னு இப்ப புரியும். மொதல்ல வாங்குனதுல டேனினும் அதிகம், ஆல்கஹாலும் 14.5, இனிப்பு துளியும் இல்ல. அது கெட்ட ஒயின் கிடையாது, நல்ல ஒயின்தான், நம்ம சட்டிக்கு ஆகாத ஒயின்.

இந்த நாட்ல இருக்குறவங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் ஷெனின் பிளாங்க். வெள்ளை திராட்சை, பிரான்ஸ்ல லுவார் ஆத்துப் பக்கத்து ரகம், ஆனா உலகத்துல வேற எங்கயும் இல்லாத அளவுக்கு தென்னாப்பிரிக்காவுலதான் பயிர் பண்றாங்க. பழைய ஆளுங்க ஸ்டீன்னு சொல்லுவாங்க. கேப் டவுன் பக்கம் 1659 பிப்ரவரி 2-ஆம் தேதியே மொத ஒயின் இறக்கிட்டாங்க, டச்சுக்காரர் யான் ஃபன் ரீபேக் தன்னோட நாட்குறிப்புல எழுதி வச்சிருக்காரு, நம்ம ஆளுங்க மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல டர்பன் வந்து எறங்குனது 1860 நவம்பர் 16, அதுக்கு 200 வருஷத்துக்கு முந்தி. இப்பவும் எங்க பார்த்தாலும் ஷெனின் கொடி இருக்கறதால விலை கம்மி, 60-ல இருந்து 90 ரேண்டுக்குள்ள நல்ல ஷெனின் கெடைக்குது, 90-க்கு மேல போக வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்ல. இதோட பெரிய கொணம் என்னன்னா வெயில் ஜாஸ்தியான எடத்துல வெளஞ்சாலும் புளிப்பு கொறயாது. நமக்கு அதான் வேணும்.

ஏன்னா அடுத்தது புளி. புளிக் குழம்பு, ரசம், தக்காளி தொக்கு இதெல்லாம் சாப்பிடும்போது ஒயின்ல புளிப்பு கம்மியா இருந்தா அந்த ஒயின் தண்ணி ஊத்துன மாதிரி சப்புன்னு ஆயிடும். சாப்பாட்டு புளிப்புக்கு ஒயின் புளிப்பு சமமா இருக்கணும், இல்ல ஒரு படி மேல இருக்கணும். டர்பன் மீன் கறி உங்களுக்கே தெரியும், புளித் தண்ணி, தக்காளி, முழுப் பூண்டு, ரெண்டு பச்சை மிளகாய் கீறிப் போட்டு, சில வீட்ல கத்திரிக்காயோ வெண்டைக்காயோ போடுவாங்க. அதுக்கு ஷெனின் கைல கிடைச்சா யோசிக்கவே வேண்டாம், ஜில்லுன்னு எடுங்க, சாவிஞான் பிளாங்க்னு இன்னொரு வெள்ளை ஒயின், அதுவும் சரி, காரம் ஜாஸ்தின்னா லேசா இனிப்பு இருக்குற ஷெனின். மீனோட சிவப்பு ஒயின் குடிச்சா சில சமயம் வாயில இரும்பு வாடை வரும், அது உங்க கற்பனை கிடையாது, ஒயின்ல இருக்குற இரும்புச்சத்து மீன் கொழுப்போட சேந்து அந்தக் கவுச்சிய கெளப்புது. டின் மீன் சட்னிக்கும் இதே கததான், சம்பளம் வர்றதுக்கு முந்தின வாரம் எல்லா வீட்லயும் அதான வைப்போம், அதுக்கு ட்ரை ரோஸே ஜில்லுன்னு நல்லாருக்கும்.

தேங்காப்பால் ஊத்துன குருமா, சொதி, இறால் குழம்புன்னா அங்க கொழுப்புதான் ராஜா. புளிப்புள்ள வெள்ளை ஒயின் அந்தக் கொழுப்ப வழிச்சு எடுத்து நாக்க சுத்தம் பண்ணி அடுத்த கவளத்துக்கு தயார் பண்ணுது, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி. வடை, பஜ்ஜி, சமூசா மாதிரி எண்ணெய்ல பொரிச்சதுக்கும் அதே நியாயம், அதுக்கு நுரை வர்ற ஒயின் இன்னும் அருமை. இங்க பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை புளிக்க வச்சு செய்யிற நுரை ஒயினுக்கு மெத்தோட் காப் கிளாசிக்னு பேரு, அது கொஞ்சம் விலை. தீபாவளிக்கு ஒரு பாட்டில் எடுத்து உளுந்த வடை சூடா எண்ணெய்ல இருந்து எடுக்க எடுக்க குடிச்சுப் பாருங்க, உப்பும் எண்ணெயும் மொறுமொறுப்பும் அந்த நுரையோட சேர்ற மாதிரி வேற எதுவும் சேராது. சாதாரண நாளைக்கு கம்மி விலை ஸ்பார்க்ளிங்கே போதும்.

அப்ப சிவப்பு ஒயினே ஆகாதான்னு கேப்பீங்க. ஆகும், மிளகு இருக்குற எடத்துல. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஷிராஸ்னு ஒரு சிவப்பு திராட்சை, அத மோந்து பாத்தா சில பாட்டில்ல நெஜமாவே மிளகு வாசம் வரும், ரோட்டண்டோன்னு ஒரு பொருள், நம்ம கருமிளகுல எது அந்த வாசனைய குடுக்குதோ அதே பொருள்தான் அந்த திராட்சைத் தோல்லயும் இருக்கு. மிளகாய கொறச்சு மிளகு தூக்கலா, நல்லெண்ணெய்ல சுக்காவா வறுத்த கறிக்கு ஷிராஸ் ஊத்துங்க, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி சேந்துக்கும், கறில இருக்குற கொழுப்பும் புரதமும் அந்த டேனின பிடிச்சுக்கும், டீல பால் ஊத்துனமே அதே வேலை.

பினோடாஜ் இந்த நாட்டோட சொந்தப் பிள்ளை. 1925-ல ஸ்டெலன்போஷ்ல ஆப்ரஹாம் பெரோல்டுன்னு ஒரு பேராசிரியர் பினோ நுவார, சின்சோங்கிற ரகத்தோட கலப்பு பண்ணி உண்டாக்குனாரு, சின்சோவ அப்ப இங்க ஹெர்மிடாஜ்னு கூப்பிட்டதால ரெண்டு பேரையும் சேத்து பினோடாஜ். லேசா புகை வாசம் இருக்கும், பிராய் போட்டு, அதாவது வெளிய தணல்ல வச்சு, சுட்ட கறிக்கு, மசாலா தடவுன சாப்ஸுக்கு நல்லாருக்கும். அந்த அப்பா ரகம் சின்சோவும் தனியா பாட்டில்ல கெடைக்குது, டேனின் கம்மி, லேசானது, அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சு எடுத்தா காரம் மிதமா இருக்குற கோழிக்கறிக்கும் சுகர் பீன்ஸ் கறிக்கும் இதவிட மலிவா ஒரு சிவப்பு கெடைக்காது. பிரியாணிக்கு எனக்கு ரோஸேதான், தயிர் பச்சடி பக்கத்துல இருந்தா சின்சோ கூட ஓகே.

தயிர்சாதத்துக்கு ஒயின் வேண்டாம். இட்லி சாம்பாருக்கும் வேண்டாம், அதுக்கு காப்பி இருக்கு. எல்லாத்துக்கும் ஜோடி தேடணும்னு அவசியம் இல்ல.

ஃபிரிட்ஜ் விஷயம் முக்கியம், ஏன்னா பாட்டில் சரியா இருந்தும் சூட்டுல கெட்டுப்போறது டர்பன்ல ரொம்ப சாதாரணம். சிவப்பு ஒயின அறை வெப்பத்துல குடிக்கணும்னு சொல்றது ஐரோப்பாவுல கல்லு வீட்டு அறை, 16, 18 டிகிரி. இங்க டர்பன்ல ஜனவரி கோடைல அறை 30 டிகிரி, அதுல வச்சு குடிச்சா ஆல்கஹால்தான் மூக்குல ஏறும். அதனால சிவப்பையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வைங்க. வெள்ளை, ரோஸே ரெண்டையும் நல்லா குளுர வச்சு குடிக்கிறதுக்கு பத்து நிமிஷம் முந்தி வெளிய எடுங்க, ஐஸா இருந்தா வாசனையே வராது. தொறந்த பாட்டில மூடி ஃபிரிட்ஜ்ல வச்சா மூணு நாள் தாங்கும். ரெண்டு பேர் மட்டும் இருக்குற வீட்டுக்கு பெட்டி ஒயின் நான் ரொம்ப சிபாரிசு பண்ணுவேன், உள்ள பை சுருங்கிக்கிட்டே வர்றதால காத்து உள்ள போகாது, ஒரு மாசம் நல்லாருக்கும், கிளாஸ் கணக்குல பாத்தா பாட்டில விட மலிவு. லோட்ஷெட்டிங்னு கரண்ட் நிறுத்துற நாள்ல ஈரத் துணிய சுத்தி வாசப்படி காத்துல வச்சாலும் ஓரளவு குளுர்ச்சி வரும், நாங்க அப்படித்தான் ஓட்டுனோம்.

இன்னொண்ணும் சொல்லணும். கிளாஸ் கணக்குல வைங்க, ஒரு பாட்டில் 750 மில்லி, 150 மில்லி கிளாஸ்னா அஞ்சு வரும், வண்டி ஓட்டுற ஆளுக்கு ஒண்ணும் வேண்டாம். வயித்துல பிள்ளை இருந்தா ஒரு சொட்டும் வேண்டாம். சுகர் மாத்திரை போடுறவங்க நம்ம ஜனத்துல எத்தன பேருன்னு உங்களுக்கே தெரியும், அவங்க டாக்டர கேட்டுட்டு தொடுங்க. கேப் பக்கம் தோட்டத் தொழிலாளிங்களுக்கு ரொம்ப காலம் கூலில ஒரு பங்க ஒயினாவே ஊத்திக் குடுத்தாங்க, டாப் முறைன்னு பேரு, அந்தக் குடும்பங்கள்ல அதோட பாதிப்பு இன்னும் தீரல. இந்த ஒயின குடிக்கிற நாம அத தெரிஞ்சு வச்சிருக்கணும். அப்புறம் புரட்டாசி விரதம், காவடி மாசம் வந்துட்டா இங்க நெறைய வீட்ல கறியும் கெடையாது ஒயினும் கெடையாது, யார் வீட்டுக்கும் பாட்டில் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி காலண்டர பாத்துக்கங்க.

இனிப்ப கடைசிக்கு வச்சேன். இனிப்புக்கு குடுக்குற ஒயின் அந்த இனிப்ப விட இனிப்பா இருக்கணும், இல்லன்னா ஒயின் புளிச்சுப் போன மாதிரி தெரியும். இங்க ஹானபூட்னு ஒரு ஒயின் இருக்கு, சிறு பாட்டில்லயும் வரும், ஆல்கஹால் சேத்து இனிப்ப அப்படியே நிறுத்துன ஒயின், அதனால சின்ன கிளாஸ்ல கொஞ்சம்தான். ஹானபூட்ங்கறது அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட் திராட்சைக்கு இந்த ஊர்ப் பேரு. மொத தடவை அத தொறந்து மோந்து பாத்தப்ப நான் அப்படியே நின்னுட்டேன். எங்க ஊர் பன்னீர் திராட்சை வாசம். கம்பம் சுருளிப்பட்டி ரோட்ல பந்தலுக்குக் கீழ நடந்தா காத்துல வருமே, கூடையில அடுக்கி செய்தித்தாள் போட்டு மூடி பஸ்ல ஏத்துனா பஸ்ஸே மணக்குமே, அந்த வாசம். அப்புறம் தேடிப் பாத்தா நம்ம பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம், அந்த ரகத்துக்கு தாய் தகப்பன்ல ஒண்ணு இந்த ஹானபூட்டேதான். போன தீபாவளிக்கு ஆன்ட்டி ரவைய நெய்ல வறுத்து, பால் ஊத்தி, ஏலக்காய், முந்திரி போட்டு சோஜி கிண்டுனாங்க, நான் ஹானபூட் எடுத்துட்டுப் போனேன். சோஜி சூடா இருக்கணும், ஒயின் நல்லா குளுந்து இருக்கணும், ஒரு ஸ்பூன் சோஜி வாயில இருக்கும்போதே ஒரு சின்ன மொடக்கு எடுக்கணும், நெய்யும் ஏலக்காயும் பன்னீர் திராட்சையும் ஒண்ணா சேரும். ஆன்ட்டி கிளாஸ மூக்குல இருந்து எடுக்கவே இல்ல, இது என்ன பூவுன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.